மாங்கூழ் ஆலைத் தோலும் கொட்டையும்: எரிவாயு போடலாமா, வேறு வழி இருக்கிறதா?

பர்கூர்_வேலு:
வணக்கம். கிருஷ்ணகிரி பக்கம் மாமாவோடு சேர்ந்து ஒரு சின்ன மாங்கூழ் ஆலை நடத்துகிறோம். பெங்களூரா ரக மாம்பழம் மட்டும்தான் ஓட்டுகிறோம். ஜூன், ஜூலை முழுக்க ஓடும், ஆகஸ்ட்டில் கொஞ்சம். அப்புறம் அடுத்த பருவம் வரை வாட்ச்மேன்தான் இருப்பார். உச்சத்தில் நாளுக்கு 60 டன் பழம் அரைக்கிறோம். அதில் 25 டன்னுக்குக் குறையாமல் கழிவு. தோல் ஒரு 12 டன், கொட்டை 10 டன், மீதி நாரும் அழுகல் பழமும்.

இதுவரை ஒரு ஒப்பந்தக்காரர் டிராக்டரில் எடுத்துப் போவார். போன பருவத்தில் ஏரிக்கரையில் கொட்டிவிட்டார். ஈயும் நாற்றமும் தாங்காமல் ஊர்க்காரர்கள் டிராக்டரை மடக்கி, சாவியைப் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள். பஞ்சாயத்து பேசித்தான் மீட்டோம்.

இப்போது ஒரு கன்சல்டன்ட் வந்திருக்கிறார். அழுத்தப்பட்ட பயோகேஸ் ஆலை போடுங்கள், மத்திய அரசின் சதத் திட்டத்தில் எண்ணெய் நிறுவனம் வாங்கிக்கொள்ளும், மானியம் உண்டு, உரமும் விற்கலாம் என்கிறார். அவர் ரிப்போர்ட்டைப் படித்தால் கூழை விட்டுவிட்டுத் தோலை மட்டும் உற்பத்தி செய்யலாம் போலத் தோன்றுகிறது. மாமா பாதி ஒத்துக்கொண்டுவிட்டார். இதில் கை வைத்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

ஸ்டார்ட்அப்_தினேஷ்:
வேலு சார், நீங்கள் தங்கத்தை ஏரியில் கொட்டிக்கொண்டிருக்கிறீர்கள். தோலில் பெக்டின் இருக்கிறது, ஜாமை உறையவைக்கும் பொருள், நம் நாடு பெரும்பாலும் இறக்குமதி செய்வது. கொட்டைப் பருப்பில் கொழுப்பு இருக்கிறது, சாக்லேட் கம்பெனிகள் வாங்கும். தோலில் மாங்கிஃபெரின் இருக்கிறது, மருந்துக் கம்பெனிகள் கேட்கும். மிச்சத்தில் எத்தனால் எடுக்கலாம், பெட்ரோலில் 20 சதவீதம் கலக்கிற காலம் இது. எல்லாம் எடுத்த பிறகு பயோகேஸ். இதற்கு பயோரிஃபைனரி என்று பெயர். ஒரு நல்ல முதலீட்டாளர் கிடைத்தால் போதும்.

ஈரோடு_பாய்லர்:
தம்பி தினேஷ், நீங்கள் சொன்ன எல்லாப் பொருளும் தோலிலும் கொட்டையிலும் இருப்பது உண்மை. அவற்றோடு தோலில் நாலில் மூன்று பங்கும் கொட்டையில் பாதியும் தண்ணீர் இருக்கிறதே, அதைச் சொல்லவில்லை.

வேலு, முதலில் கன்சல்டன்ட் கணக்கை எடுப்போம். நான் பாய்லர், டைஜஸ்டர் (கழிவைப் புளிக்கவைத்து வாயு எடுக்கும் தொட்டி) இரண்டிலும் வேலை பார்த்தவன். ஈரத் தோல் ஒரு டன்னில் காய்ந்த பொருள் 200 முதல் 250 கிலோ தேறும். எல்லாம் ஒழுங்காக நடந்தால் அதிலிருந்து 60 முதல் 80 கன மீட்டர் வாயு வரும். 70 என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் 12 டன்னுக்கு நாளுக்கு 840 கன மீட்டர். அதில் மீத்தேன் 60 சதவீதம். சுத்தம் செய்து அழுத்தி நிரப்பினால் சுமார் 340 கிலோ. டன்னுக்கு 28 கிலோ.

நான் குறைத்துச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். இந்தூரில் 2022 பிப்ரவரியில் திறந்த ஆலை நாளுக்கு 550 டன் ஈரக்கழிவு வாங்கி 17 டன் வாயு தரும் திறன் கொண்டது. வகுத்துப் பாருங்கள், டன்னுக்கு 31 கிலோ. மாநகராட்சி தரம் பிரித்த கழிவு கிடைக்கிற பெரிய ஆலையே அவ்வளவுதான்.

சதத் திட்டம் 2018 அக்டோபரில் தொடங்கியபோது கிலோவுக்கு 46 ரூபாய் என்று விலை வைத்தார்கள். பின்னால் ஏறியது. பழைய விலையிலேயே போட்டால் உங்களுக்கு நாளுக்கு 15,600 ரூபாய். பருவம் 70 நாள் என்றால் வருஷத்துக்குப் பதினோரு லட்சத்துக்குக் கீழே. விலை ஏறியதைச் சேர்த்தாலும் சில லட்சம்தான் கூடும். சுத்திகரிப்பு, கம்ப்ரஸர், சிலிண்டர் அடுக்கு, பாதுகாப்பு உரிமம், ஆட்கள் சம்பளம் எல்லாம் சேர்ந்த ஒரு ஆலை கோடிகளில் போகும். மீதி 295 நாள் அந்தக் கம்ப்ரஸர் உங்கள் வாட்ச்மேனுக்குத் துணையாக நிற்கும்.

ரிப்போர்ட்டில் வருஷத்துக்கு எத்தனை வேலை நாள் போட்டிருக்கிறார் என்று பாருங்கள்.

பர்கூர்_வேலு:
330 நாள் போட்டிருக்கிறார் அண்ணா. இப்போதுதான் கவனித்துப் படித்தேன்.

ஈரோடு_பாய்லர்:
அதான்.

சந்தூர்_கன்று:
வேலு தம்பி, கொட்டையை யாருக்கும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். போச்சம்பள்ளி வட்டம், சந்தூர்ப் பக்கம் நர்சரிக்காரர்கள் ஒட்டுக்கன்றுக்கு அடிச்செடி வளர்க்க ஆலைக் கொட்டையைத்தான் நம்பியிருக்கிறோம். நான் பல வருஷமாக இரண்டு ஆலைகளில் வாங்குகிறேன். கொட்டை மட்டும் அன்றைக்கு அன்றைக்கே வேண்டும். மாங்கொட்டையைக் காயவைத்து எடுத்துவைத்து விதைக்க முடியாது, காய்ந்தால் பருப்பு செத்துப்போகும். டீஸ்டோனரிலிருந்து, அதாவது கொட்டை பிரிக்கும் மெஷினிலிருந்து, விழுந்த கொட்டையைக் கழுவி நிழலில் வைத்து ஓரிரு வாரத்துக்குள் பாத்தியில் போட்டுவிடுவோம்.

ஆனால் எல்லாக் கொட்டையும் எங்களுக்கு ஆகாது. நீங்கள் பழத்தை முதலில் ஆவியில் காட்டி அப்புறம் அரைத்தால் முளைக்காது. மெஷினில் அடிபட்டு ஓடு பிளந்ததும் வேண்டாம். வண்டு துளைத்ததும் வேண்டாம். பெங்களூராவில் கொட்டை வண்டு அதிகம், ஓட்டை உடைத்தால்தான் தெரியும். நாளுக்கு 10 டன் என்றால் ஊரே சேர்ந்தாலும் அதில் ஒரு பங்குதான் எடுப்போம். விலை டன் கணக்கில் இல்லை, எண்ணிக்கைக்குக் கொடுப்போம்.

கால்நடை_மருத்துவன்:
தோலைப் பற்றி நான் சொல்கிறேன். பருவத்தில் எனக்கு வருகிற அவசர அழைப்புகளில் ஒரு பங்கு மாம்பழத் தோலால்தான். ஆலை வாசலில் இலவசமாகக் கிடைக்கிறதென்று டிராக்டரில் ஏற்றிப்போய் மாட்டுக்கு முன்னால் கொட்டிவிடுவார்கள். சர்க்கரை மிகுந்த தீனி. மாடு ஆசையாகத் தின்னும். அசையூண் வயிற்றில் அமிலம் ஏறி, அசைபோடுவதை நிறுத்தி, வயிறு உப்பி, புளித்த வாடையுடன் கழிந்து படுத்துவிடும். நல்ல கறவை மாடு ஒன்று போனால் அந்தக் குடும்பத்துக்கு ஒரு வருஷ வருமானம் போகும்.

தோல் கெட்ட தீனி இல்லை, கொடுக்கும் முறைதான் கெட்டது. சைலேஜாக, அதாவது காற்றுப் புகாமல் மூடிப் புளிக்கவைத்த தீவனமாகப் போட்டால் அருமையாக இருக்கும். வெறும் தோலைக் குழியில் போட்டால் தண்ணீராக ஓடிவிடும். தோல் நாலு பங்குக்கு நறுக்கிய ராகித் தட்டு அல்லது நெல் வைக்கோல் ஒரு பங்கு கலந்தால் ஈரம் 65 சதவீதத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கும், சைலேஜுக்கு அதுதான் சரியான அளவு. அடுக்கடுக்காகப் போட்டு டிராக்டர் சக்கரத்தால் மிதித்து, காற்றுப் புகாமல் தார்ப்பாயால் மூடி, மேலே மண் போட்டுவிடுங்கள். மாதம் கழித்துத் திறந்தால் புளிப்பும் பழ வாசமும் கலந்து இருக்கும். கறுப்பாகவோ பூஞ்சையாகவோ இருக்கிற பகுதியைத் தள்ளிவிட வேண்டும். புரதம் குறைவு, அதனால் கடலைப் பிண்ணாக்கு சேர்க்கணும். முதல் வாரம் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிப் பழக்கணும்.

இன்னொன்று. அறுவடைக்கு முன்னால் மருந்து அடித்த பழமா என்று கேட்டுவிட்டுத் தீவனத்துக்கு அனுப்புங்கள். கூழுக்குப் பழத்தைக் கழுவுகிறீர்கள், சரி. தோலில் ஒட்டியதெல்லாம் கழுவினால் போய்விடாது.

ஈரோடு_பாய்லர்:
டாக்டர் சொன்ன வயிற்றுக் கோளாறுதான் டைஜஸ்டருக்கும் வரும். டைஜஸ்டர் என்பது காங்கிரீட்டில் கட்டிய மாட்டு வயிறு. சர்க்கரையை அமிலமாக்கும் நுண்ணுயிர் வேகமாகப் பெருகும், அந்த அமிலத்தைத் தின்று மீத்தேன் விடும் நுண்ணுயிர் மெதுவாக வளரும். சாணம் மட்டும் போட்டால் இரண்டும் ஒத்துப்போகும். மாந்தோலை அள்ளிப் போட்டால் அமிலக்காரன் முந்திவிடுவான். பி.எச். 7-க்குப் பக்கத்தில் இருக்க வேண்டியது 6-க்குக் கீழே இறங்கும், வாயு நின்றுபோகும்.

ஒரு பழ ஆலையில் இதை நேரிலேயே பார்த்தேன். பருவம் தொடங்கிய சூட்டில் முதல் வாரமே முழு அளவு தோலை ஊட்டினார்கள். நாலாம் நாள் டேங்க் மூடியைத் திறந்தால் காடி வாடை மூக்கில் ஏறியது, மேலே வெள்ளை நுரை. பர்னரில் நெருப்பு நீலமாக எரிந்தது மஞ்சளாகி, துடித்து, அணைந்தது. வருகிற வாயுவில் பாதிக்கு மேல் கரியமில வாயுதான். ஊட்டுவதை நிறுத்திவிட்டுச் சுண்ணாம்பும் சோடா உப்பும் போட்டு, லாரி லாரியாகச் சாணக் கரைசல் ஊற்றி அதை எழுப்புவதற்குள் பருவமே முடிந்துவிட்டது. பழக்கழிவு ஆலைகளில் அடிக்கடி நடக்கிற கதை இதுதான், யாரும் ரிப்போர்ட்டில் எழுத மாட்டார்கள்.

ஸ்டார்ட்அப்_தினேஷ்:
அண்ணா, நீங்கள் பயோகேஸே வேண்டாம் என்கிறீர்களா? ஹைதராபாத் போவன்பள்ளி சந்தையில் நாளுக்கு 10 டன் காய்கறிக் கழிவில் 500 யூனிட் மின்சாரம் எடுக்கிறார்கள். 2021 ஜனவரியில் பிரதமரே மன் கீ பாத்தில் பேசினார். ஜல்காவ்ன் ஜெயின் இரிகேஷன் தன் பழக் கழிவிலும் வெங்காயக் கழிவிலும் சொந்தமாக மின்சாரம் எடுக்கிறது.

ஈரோடு_பாய்லர்:
இரண்டும் நல்ல உதாரணம் தம்பி, எதற்கு நல்ல உதாரணம் என்று பாருங்கள். போவன்பள்ளி சந்தை. ஜனவரியிலும் முட்டைக்கோஸ் இலை விழும், ஜூலையிலும் விழும். டைஜஸ்டர் பட்டினி கிடக்காது. ஜல்காவ்னில் மாங்காய் முடிந்தால் வெங்காயம் வருகிறது. வேலுவுக்கு ஆகஸ்ட்டுக்குப் பிறகு என்ன வரும்?

பயோகேஸ் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அழுத்தி விற்கிற வேலை வேண்டாம், இன்ஜின் வைத்து மின்சாரம் எடுக்கிற வேலையும் வேண்டாம் என்கிறேன். ஆலைக்கு நீராவி வேண்டும், அதுவும் தோல் விழுகிற அதே நாட்களில்தான் வேண்டும். வாயுவைக் குழாய் போட்டு நேராகப் பாய்லர் பர்னரில் கொடுத்துவிடுங்கள். கந்தக வாயுவை நீக்க இரும்புத் துருவல் நிரப்பிய ஒரு டிரம் போதும். கம்ப்ரஸர் இல்லை, உரிமம் தேடி அலைச்சல் இல்லை.

அதிலும் எதிர்பார்ப்பு அளவாக இருக்கட்டும். 70 கன மீட்டர் வாயுவின் வெப்பம் சுமார் 100 கிலோ காய்ந்த விறகுக்குச் சமம். அதாவது ஒரு டன் தோல் உங்களுக்கு 100 கிலோ விறகை மிச்சம் பிடிக்கும்.

இப்போது கொட்டையைப் பாருங்கள். ஒரு டன் ஈரக் கொட்டையை வெயிலில் காயப்போட்டால் 500 கிலோ தேறும். ஓடும் பருப்புமாக அதை அப்படியே பாய்லரில் போட்டால் ஏறக்குறைய அதே எடை விறகுக்குச் சமமாக எரியும். தோல் டன்னுக்கு 100, கொட்டை டன்னுக்கு 500. எரிபொருள் என்று பேசினால் கொட்டைதான் எரிபொருள், ஒரு டைஜஸ்டரும் கட்ட வேண்டியதில்லை. களம் வேண்டும், கிளறிவிட ஆள் வேண்டும், ஜூனில் மழை வந்தால் மூடத் தார்ப்பாய் வேண்டும்.

ராட்டர்டாம்_ரகு:
கொட்டையை எரிப்பதா என்று இங்கே உட்கார்ந்து பதறிக்கொண்டிருக்கிறேன். நான் ஐரோப்பாவில் உணவுக் கொழுப்பு வணிகத்தில் இருக்கிறேன். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2000-ஆம் ஆண்டுச் சாக்லேட் விதியில், கோகோ வெண்ணெய் தவிர 5 சதவீதம் வரை சேர்க்கலாம் என்று அனுமதித்த தாவரக் கொழுப்புகள் ஆறே ஆறுதான். இல்லிப்பே, பாமாயில், சால், ஷியா, கோகம், ஆறாவது மாங்கொட்டைப் பருப்பு. ஸ்டியரிக், ஒலியிக் அமிலங்கள் அமைந்திருக்கும் விதத்தில் அது கோகோ வெண்ணெய்க்கு நெருங்கிய சொந்தம், அறை வெப்பத்தில் கெட்டியாக இருந்து வாயில் உருகும். அழகுசாதனக் கம்பெனிகளும் மாங்கோ பட்டர் என்று வாங்குகின்றன.

ஆனால் ஈரோடு அண்ணன் வழியிலேயே கணக்குப் போட்டுவிடுகிறேன், யாரும் கனவு காண வேண்டாம். ஒரு டன் ஈரக் கொட்டையில் பருப்பு பாதி, 500 கிலோ. காய்ந்தால் 250. அதில் கொழுப்பு 10 சதவீதம் வைத்தால் 25 கிலோ. இவ்வளவு குறைந்த எண்ணெயைச் செக்கில் ஆட்டி எடுக்க முடியாது, ஹெக்சேன் என்ற கரைப்பானை (சால்வென்ட்) ஊற்றிக் கரைத்துத்தான் எடுக்கணும். அந்த ஆலையை நீங்கள் கட்ட வேண்டாம். சத்தீஸ்கரில் சால் விதைக்காகவே இருக்கிற சால்வென்ட் ஆலைகள் மாம்பருப்பையும் வாங்கி ஆட்டுகின்றன. நீங்கள் செய்ய வேண்டியது காய்ந்த பருப்பு விற்பது மட்டும்.

அங்கேதான் நம் ஊர்ச் சரக்கு தோற்கிறது. கொட்டையை ஈரமாகக் குவித்துவைத்தால் உள்ளே பருப்பு புழுங்கிக் கறுக்கும். கொழுப்பு உடைந்து அமில அளவு ஏறிவிடும், வாங்குபவர் முதலில் சோதிப்பதே அதைத்தான். சாம்பிள் பையைப் பிரித்தால் பருப்பு தந்த நிறத்தில், கையில் உடைத்தால் டப்பென்று முறியணும். பழுப்பாக, ரப்பர்போல் வளைந்தால் அந்த லோடு சோப்புக்குத்தான் போகும், அந்த விலைதான் கிடைக்கும்.

சந்தூர்_கன்று:
பருப்பு வேறு, ஓடு வேறு பிரித்தால் இரண்டு பக்கமும் ஆகுமே? பருப்பைச் சாக்லேட்டுக்கு அனுப்பிவிட்டு ஓட்டை எரிக்கலாம்.

ராட்டர்டாம்_ரகு:
அதேதான் அக்கா. உடைக்கிற மெஷின் கிடைக்கிறது. ஓட்டில் நார் இருப்பதால் நன்றாகக் காய்ந்த பிறகுதான் உடையும், ஈரத்தில் சிக்கிக்கொள்ளும்.

ஸ்டார்ட்அப்_தினேஷ்:
பெக்டினைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை. காய்ந்த தோலில் 10 முதல் 15 சதவீதம் பெக்டின். ஜாம், ஜெல்லி, மாத்திரை என்று எல்லாவற்றுக்கும் வேண்டியது.

ராட்டர்டாம்_ரகு:
உலகத்தில் விற்கிற பெக்டின் பெரும்பாலும் எலுமிச்சை, ஆரஞ்சுத் தோலிலிருந்தும் ஆப்பிள் சக்கையிலிருந்தும் வருகிறது. டென்மார்க், ஜெர்மனி ஆலைகளுக்குத் தென் அமெரிக்காவிலிருந்து தோல் கப்பலில் போகிறது. காய்ந்த தோலாகப் போகிறது என்பதைக் கவனியுங்கள். செய்முறை சொல்ல எளிது. அமிலம் கலந்த வெந்நீரில் தோலை ஊறவைத்து, வடித்து, அந்த நீரைப்போல் இரண்டு மூன்று மடங்கு ஆல்கஹால் ஊற்றினால் பெக்டின் திரிந்து கட்டியாகும். அப்புறம் அவ்வளவு ஆல்கஹாலையும் காய்ச்சித் திரும்ப எடுக்கணும். தொழிலே அந்த மீட்பில்தான் இருக்கிறது. மாந்தோலில் கூடுதல் சிக்கல், அரைத்த சில மணி நேரத்திலேயே தோலில் இருக்கும் நொதி பெக்டினை அறுக்கத் தொடங்கிவிடும். உடனே வெந்நீர் காட்டி நொதியைச் சாகடித்து உலர்த்த வேண்டும்.

ஈரோடு_பாய்லர்:
உலர்த்த. ஒரு டன் தோலில் 750 கிலோ தண்ணீரை விரட்ட, சுமாரான டிரையரில் 175 கிலோ விறகுக்குக் குறையாமல் எரிக்கணும். அதே டன் தோல் வாயுவாகத் தருவது 100 கிலோ விறகு. இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி உங்கள் மாமாவிடம் காட்டுங்கள் வேலு.

பிரேசிலில் ஆரஞ்சுச் சாறு ஆலைகள் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்து ரொம்ப நாளாகிறது. சாறு எடுத்தால் பழத்தில் ஏறக்குறைய பாதி எடை மிஞ்சும். அதை நறுக்கிச் சுண்ணாம்பு கலக்கிறார்கள். பெக்டின் பிடித்துவைத்திருந்த தண்ணீரைச் சுண்ணாம்பு விடுவிக்கும், அழுத்தினால் பிழிந்து ஓடிவிடும். நெருப்பு வைத்து விரட்ட வேண்டிய தண்ணீரில் ஒரு பெரும் பங்கை அழுத்தத்திலேயே ஓட்டிவிடுகிறார்கள். பிழிந்த நீரைச் சுண்டவைத்தால் வெல்லப்பாகு மாதிரி தீவனம், வழியில் தோல் எண்ணெயான லிமோனீனும் கிடைக்கிறது. மிச்சத்தை உலர்த்தி உருண்டையாக்கிக் கப்பலேற்றுகிறார்கள், மாட்டுத் தீவனமாக. ஆரஞ்சுத் தோலை நேராக டைஜஸ்டரில் போட முடியாது, அந்த லிமோனீனே நுண்ணுயிரைக் கொல்லும். மாந்தோலுக்கு அந்தத் தொல்லை இல்லை.

நம் பக்கத்துப் புளிக்கொட்டையை நினைத்துப் பாருங்கள். பட்டறையில் புளி தட்டி மிஞ்சியதுதான். யாரும் அதற்குக் கன்சல்டன்ட் வைக்கவில்லை, மானியம் கேட்கவில்லை. மில்லுக்குப் போய் மாவாகி நெசவுப் பாவுக்குக் கஞ்சியாகவும் துணி அச்சுக்குப் பசையாகவும் போகிறது. காய்ந்த பொருள், மூட்டை கட்டி வருஷம் முழுக்க விற்கலாம். ஈரமாக இருக்கும்வரை கழிவு, காய்ந்தால் சரக்கு.

இயற்கைவழி:
எல்லாரும் மெஷின், மெஷின் என்றே பேசுகிறீர்கள். கோஸ்டாரிகாவில் என்ன நடந்தது தெரியுமா? டெல் ஓரோ என்ற ஆரஞ்சுச் சாறு கம்பெனி 1998-இல் 12,000 டன் தோலையும் சக்கையையும் குவானகாஸ்தே காப்புப் பகுதியில், மாடு மேய்ந்து மேய்ந்து மலடாகிப்போன 3 ஹெக்டேர் நிலத்தில் கொட்டியது. டேனியல் ஜான்சென், வினி ஹால்வாக்ஸ் என்ற சூழலியல் தம்பதி சொன்ன யோசனை. போட்டிக் கம்பெனி வழக்குப் போட்டு நிறுத்திவிட்டது. பதினைந்து வருஷம் கழித்து ஆராய்ச்சியாளர்கள் போனபோது அங்கே காடு நின்றது. 2017-இல் வெளியான ஆய்வில் தரைக்கு மேலுள்ள உயிர்ப்பொருள் 176 சதவீதம் கூடியிருந்ததாக அளந்து சொன்னார்கள். தோப்பிலேயே போட்டு மூடுங்கள், மண் பார்த்துக்கொள்ளும்.

கால்நடை_மருத்துவன்:
அருமையான கதை, ஆனால் அங்கே கொட்டியது காப்புப் பகுதியில், தோப்பில் இல்லை. கிருஷ்ணகிரியில் ஆலையைச் சுற்றி மாந்தோப்பு. அழுகல் பழத்தைப் போட்டால் பழ ஈ மண்ணில் கூட்டுப்புழுவாகி அடுத்த பழத்துக்கு ஏறும். கொட்டையைப் போட்டால் கொட்டை வண்டு உள்ளேயிருந்து வெளியே வந்து மரப்பட்டையில் ஒளிந்து அடுத்த பூவுக்குக் காத்திருக்கும். ஊரெல்லாம் பொறுக்கிய நோயை ஒரே இடத்தில் கொட்டுகிற வேலை அது.

இயற்கைவழி:
கொட்டையை நீக்கிவிட்டுத் தோலை மட்டும் சாணத்தோடு குவியல் போட்டுச் சூடேற்றி மக்கவைத்தால்?

கால்நடை_மருத்துவன்:
அப்படியானால் சரி. உள்ளே கை வைக்க முடியாத சூடு வரணும், புரட்டிப் போடணும். அது உரம் தயாரிப்பு, கொட்டிவிட்டு வருவது இல்லை.

ஈரோடு_பாய்லர்:
வேலு, ஒரு கேள்வி. உங்கள் லைனில் கொட்டையும் தோலும் ஒரே கன்வேயரில் விழுகிறதா, தனித்தனியாகவா?

பர்கூர்_வேலு:
முழுப் பழத்தை டீஸ்டோனரில் விடுகிறோம். கொட்டையோடு பாதித் தோல் ஒட்டிக்கொண்டு ஒரே கன்வேயரில் வெளியே வருகிறது. மீதித் தோலும் நாரும் கூழ் பிரிக்கும் பல்ப்பர் பின்பக்கம் விழும். எல்லாம் ஒரே டிராக்டரில்தான் ஏறுகிறது.

ஈரோடு_பாய்லர்:
அப்படியானால் முதல் செலவு அங்கேதான். டீஸ்டோனர் வாயில் சுழல் சல்லடை டிரம் ஒன்று, மேலே தண்ணீர்த் தெளிப்பான். கொட்டை உருண்டு ஒரு பக்கம், தோலும் ஒட்டியிருந்த கூழும் தண்ணீரோடு இன்னொரு பக்கம். உள்ளூர் லேத் பட்டறையிலேயே செய்யலாம். கலந்து கிடக்கிற வரைக்கும் இரண்டையும் யாரும் வாங்க மாட்டார்கள்.

அந்தக் கழுவு நீர் உங்கள் சுத்திகரிப்புத் தொட்டிக்குத்தானே போகிறது? சர்க்கரை அதிகம், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கேட்கிற அளவுக்கு இறக்கத் தண்ணீரில் காற்று ஏற்றும் ஏரேட்டர் நாள் பூராவும் ஓடி மின்சாரத்தைத் தின்னும். டைஜஸ்டர் போடுவதென்றால் அந்த நீருக்குப் போடுங்கள். சின்னதாக. தோலில் ஒரு பங்கை அதில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து ஊட்டலாம். வாயு பாய்லருக்கு, மின் கட்டணமும் குறையும். பருவத்துக்கு ஒரு மாதம் முன்பே சாணக் கரைசல் ஊற்றி எழுப்பி வையுங்கள்.

பருவம் முடிந்ததும் பட்டினி போடாமலிருக்க வழி உண்டு. மைசூர் உணவு ஆராய்ச்சி நிலையமான சி.எஃப்.டி.ஆர்.ஐ-யில் 1990-களிலேயே மாந்தோலைச் சைலேஜாகப் போட்டுவைத்து அதிலிருந்து வாயு எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். டாக்டர் சொன்ன குழியிலிருந்து வாரத்துக்குக் கொஞ்சம் எடுத்துப் போட்டால் நுண்ணுயிர் உயிரோடு இருக்கும்.

பர்கூர்_வேலு:
நேற்று கன்சல்டன்டிடம் பேசினேன். டிசம்பரில் தோலுக்கு எங்கே போவது என்று கேட்டேன். ராயக்கோட்டைத் தக்காளிச் சந்தைக் கழிவை வாங்கிக்கலாம் என்றார்.

சந்தூர்_கன்று:
தக்காளி கிலோ 5 ரூபாய் விற்கிற மாதம் ரோட்டிலேயே கிடக்கும். 60 ரூபாய் விற்கிற மாதம் அழுகலையும் பொறுக்கி ஹோட்டலுக்கு விற்றுவிடுவார்கள். டைஜஸ்டர் தக்காளி விலை பார்த்துச் சாப்பிடுமா?

பர்கூர்_வேலு:
அதையே கேட்டேன் அக்கா. மானியம் வந்துவிடும் சார், அதை முதலில் பாருங்கள் என்றார்.

மாமாவிடம் ஈரோடு அண்ணன் கணக்கை எழுதிக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார். விவசாயியிடம் பெங்களூராவைக் குறைத்துக் கேட்கிறோம் என்று ஏற்கெனவே கெட்ட பேர், 2025-இல் சித்தூர்ப் பக்கம் ஆந்திர அரசே கிலோவுக்கு 4 ரூபாய் கூட்டிக் கொடுக்க வேண்டி வந்தது, கழிவில் நாலு காசு வந்தால் அதைப் பழ விலையிலாவது ஏற்றலாம் என்றுதான் ஆசைப்பட்டேன் என்றார். கம்ப்ரஸர் ஆலை வேண்டாம் என்று முடிவாகிவிட்டது.

இந்தப் பருவத்துக்குச் சல்லடை டிரம், கொட்டை காயப்போட ஒரு களம், சைலேஜுக்கு இரண்டு குழி. கழுவு நீர் டைஜஸ்டர் அடுத்த வருஷம். ரகு அண்ணா, காய்ந்த பருப்பு சாம்பிள் எவ்வளவு வேண்டும்? மாநிலம் விட்டு அனுப்பினால் லாரி வாடகை கட்டுமா?

ராட்டர்டாம்_ரகு:
சாம்பிளுக்கு 2 கிலோ போதும், உடைத்த அன்றே காற்றுப் புகாமல் கட்டுங்கள். வாடகை கட்ட வேண்டுமென்றால் ஒரு லாரி நிறையணும். ஒரு டன் ஈரக் கொட்டைக்கு 250 கிலோ பருப்பு என்றால், உங்கள் 10 டன்னில் அக்காவுக்குக் கொடுத்தது போக ஒரு வாரத்தில் லாரி நிறையும். பக்கத்து ஆலைக்காரர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள், விலை பேச அது உதவும்.

சந்தூர்_கன்று:
வேலு தம்பி, முதல் லோடு எனக்கு. ஜூன் முதல் வாரத்தில் வருகிற பழத்தின் கொட்டைதான் நன்றாக முளைக்கும் என்பது எங்கள் அனுபவம். காலை ஷிஃப்ட் கொட்டையைத் தனியாகக் கூடையில் பிடித்து வையுங்கள், மத்தியானத்துக்குள் வண்டி அனுப்புகிறேன். டிரம்மில் வெந்நீர் மட்டும் விட்டுவிடாதீர்கள்.

ஈரோடு_பாய்லர்:
பச்சைத் தண்ணீர்தான் அக்கா. வேலு, டிரம் வரைந்து நாளைக்குப் போடுகிறேன். சல்லடைத் துளை 15 மில்லிமீட்டரில் தொடங்கிப் பார்ப்போம். டீஸ்டோனர் வாய் தரையிலிருந்து எத்தனை அடி உயரம் என்று அளந்து எழுதுங்கள்.